டிக்கெட்டை விற்றுவிட்டுக் கதவைச் சாத்துவதா?

விருந்துக்கு அழைப்பு அனுப்புகிறவர் இரண்டு கடமைகளை ஏற்றுக்கொள்கிறார். இலை போடுவது ஒன்று. வருகிறவருக்கு வாசற்கதவைத் திறந்து வைப்பது மற்றொன்று. இலையைப் போட்டுவிட்டு, வாசலில் காவலாளை நிறுத்தி, “இன்ன ஊரார் உள்ளே வரக்கூடாது” என்று சொல்கிறவரை எந்த ஊரிலும் விருந்தளிப்பவர் என்று அழைக்கமாட்டார்கள். அந்த இலைக்கு முன்கூட்டியே காசும் வாங்கியிருந்தால், அவரை எந்தப் பெயரால் அழைப்பது என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு இரசிகர்களை அழைத்த முறை இப்படித்தான் அமைந்தது.

2026ஆம் ஆண்டின் உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 48 அணிகள், 104 ஆட்டங்கள், 16 நகரங்கள். அந்நகரங்களில் 11 அமெரிக்காவைச் சேர்ந்தவை. உலகக் கோப்பையின் வரலாற்றில் இத்துணைப் பெரிய பந்தி அதற்கு முன் விரிக்கப்பட்டதில்லை. ஆனால், பந்தியை விரித்த கையே பலருக்கு வாசலை அடைத்தது.

2025 ஜூன் 4 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டொனால்டு டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். 12 நாடுகளின் குடிமக்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதை அது முழுமையாகத் தடுத்தது. வேறு 7 நாடுகளின் மக்களுக்குப் பகுதித் தடை விதித்தது. முழுத் தடைப் பட்டியலில் ஈரான் இருந்தது, ஹைத்தியும் இருந்தது. ஈரான் அதற்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே, உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. ஹைத்தி அவ்வாண்டு நவம்பர் 18 அன்று தகுதி பெற்றது. செப்டம்பரிலேயே டிக்கெட் விற்பனை தொடங்கியிருந்தது. டிசம்பர் 5 அன்று வாஷிங்டனில் குலுக்கல் நடந்து, எந்த அணி எந்தப் பிரிவில் ஆடும் என்பது முடிவாயிற்று. பதினொரு நாள்தான் கழிந்தது. டிசம்பர் 16 அன்று மற்றோர் ஆணை வந்து, பட்டியல் நீண்டது. தகுதி பெற்றிருந்த செனகலும் ஐவரி கோஸ்டும் பகுதித் தடைக்குள் கொண்டுவரப்பட்டன.

பகுதித் தடை என்ற மென்மையான பெயரைக் கண்டு ஏமாறவேண்டா. சுற்றுலாவுக்கும் வணிகப் பயணத்துக்கும் வழங்கும் விசாவையே அது நிறுத்தியது. ஆட்டம் பார்க்கப் போகிறவருக்கு வேண்டியது அந்த விசாதான். ஏற்கெனவே செல்லுபடியாகும் விசாவைக் கையில் வைத்திருந்தவர் போக, மற்ற இரசிகர்களைப் பொறுத்தவரை பாதித் தடையும் முழுத் தடையும் ஒன்றே.

ஓர் அரசாணை இன்று வரும், நாளை தளரும், மறுநாள் மீண்டும் இறுகும். ஆகவே, இக்கட்டுரையின் வழக்கு ஓர் ஆணையோடு முடிந்துவிடுவதன்று. உலகத்துக்குப் பொதுவான ஒரு போட்டியை நடத்த முன்வரும் நாடு, ஆட்டக்காரரை மட்டும் உள்ளே விட்டு, அந்த ஆட்டக்காரரின் மக்களைப் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்தே தடுக்கலாமா என்பதே வழக்கு. தடுக்கக்கூடாது என்பதே நம் வாதம்.

கொடுத்த வாக்கு

இந்தத் தடைகளை நியாயப்படுத்துவோர் முதலில் எடுத்துவைக்கும் வாதம், “யாரை உள்ளே விடுவது என்பது ஒவ்வொரு நாட்டின் உரிமை” என்பதாகும். உரிமைதான், மறுப்பவர் யார்? ஆனால், உலகக் கோப்பையை எங்கள் நாட்டில் நடத்துங்கள் என்று எவரும் அமெரிக்காவை வற்புறுத்தவில்லை. அது தானே முன்வந்து கேட்டது, போட்டியிட்டது, வாக்குத் திரட்டியது. கேட்டுப் பெற்ற பொறுப்போடு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது.

அந்த நிபந்தனை என்ன என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் தலைவர் கியான்னி இன்ஃபான்டினோ 2017 மார்ச் மாதத்திலேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தகுதி பெறும் எந்த அணியும், அதன் அலுவலரும், அதன் இரசிகரும் போட்டி நடக்கும் நாட்டுக்குள் நுழைய வழி இருக்கவேண்டும். அவ்வழி இல்லையேல் உலகக் கோப்பையும் இல்லை என்பது அவர் கூற்றின் சாரம். இரசிகரையும் சேர்த்தே சொன்னார் என்பதைக் கவனிக்கவேண்டும்.

2018ஆம் ஆண்டில், வாக்கெடுப்புக்கு முன், டிரம்ப் ஃபிஃபாவுக்குக் கடிதங்கள் எழுதினார். தகுதியுடைய வீரர்களும் அலுவலர்களும் இரசிகர்களும் உலகின் எல்லா நாடுகளிலிருந்தும் பாகுபாடின்றி அமெரிக்காவுக்குள் வர இயலும் என்று அவற்றில் உறுதியாகக் குறிப்பிட்டிருந்தார். அதன் பின்னரே, 2018 ஜூன் 13 அன்று மாஸ்கோவில் கூடிய ஃபிஃபா மாநாடு வாக்களித்தது. மூன்று நாடுகளின் கூட்டு விண்ணப்பத்துக்கு 134 வாக்குகள் விழுந்தன. எதிர்த்து நின்ற மொராக்கோவுக்கு 65 வாக்குகளே விழுந்தன.

2018இல் கடிதம் எழுதிய கையும் 2025இல் ஆணையில் ஒப்பமிட்ட கையும் ஒன்றே. 2017இல் நிபந்தனையை எடுத்துரைத்த ஃபிஃபா தலைவரும், ஆணைகள் வந்தபோது அப்பதவியில் இருந்தவரும் ஒருவரே. எனவே, முன்னவர் கொடுத்த வாக்குக்குப் பின்னவர் பொறுப்பில்லை என்று சொல்லித் தப்பிக்க இருவருக்குமே வழியில்லை.

அமானிதம் என்ற சொல்லின் எடையை நம் இல்லங்களில் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்த பொருள் நம் கையில் இருக்கும், ஆனால் நம்முடையதாகிவிடாது. உலகக் கோப்பை எந்த நாட்டின் சொத்துமன்று. நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாட்டின் கையில் ஒப்படைக்கப்படும் அமானிதம் அது. அதைத் தன் வீட்டுக் கல்யாணமாகக் கருதி, பிடித்தவரை அழைத்துப் பிடிக்காதவரை விலக்குவது அமானிதத்துக்குச் செய்யும் மோசடி.

ஆட்டக்காரருக்கு வாசல், அவர் மக்களுக்குச் சுவர்

ஆணைகளில் ஒரு விலக்கு இருந்தது. உலகக் கோப்பை, ஒலிம்பிக் போன்ற பெரும் போட்டிகளுக்கு வரும் வீரர், பயிற்சியாளர், உதவிப் பணியாளர், அவர்தம் நெருங்கிய குடும்பத்தார் ஆகியோர் வரலாம் என்பதே அது. இரசிகருக்கு அவ்விலக்கில் இடமில்லை.

இந்த விலக்கைப் பெருந்தன்மை என்று பாராட்டியவர்களும் உண்டு. ஆராய்ந்து பார்த்தால், தடையின் நியாயத்தை உடைப்பதே இந்த விலக்குத்தான். ஹைத்தியில் பிறந்தவர் என்பதனாலேயே ஒருவர் ஆபத்தானவர் என்றால், பந்தை உதைக்கத் தெரிந்ததனால் அந்த ஆபத்து எப்படி நீங்கிற்று? ஆளைத் தனியே ஆராய்ந்து அனுமதிப்பது ஆட்டக்காரருக்கு இயலும் என்றால், டிக்கெட் வாங்கிய ஆசிரியருக்கும் தையற்காரருக்கும் ஏன் இயலாது? காட்சிக்கு ஆட்டக்காரர் வேண்டும். தொலைக்காட்சிக்கு ஆட்டம் வேண்டும். அவர்களின் மக்கள் மட்டும் வேண்டா. விலக்கின் பொருள் அவ்வளவே.

ஹைத்தியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்நாடு அதற்கு முன் உலகக் கோப்பையில் ஆடியது 1974இல், மேற்கு ஜெர்மனியில். 52 ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாம் முறையாக இடம் கிடைத்தது. ஆயுதக் கும்பல்களின் வன்முறையால் தலைநகர் போர்ட்டோபிரின்ஸில் ஆட்டம் நடத்த இயலாமல், தன் “சொந்த மண்” ஆட்டங்களையே அந்த அணி குராசாவ் தீவில் ஆடவேண்டியதாயிற்று. பயிற்சியாளர் செபாஸ்டியன் மின்யே, தாம் வழிநடத்தும் அணியின் நாட்டில் ஒருமுறைகூடக் கால் வைக்காமலேயே அவ்வணியை உலகக் கோப்பைக்குக் கொண்டுவந்தார். அந்நாட்டு மக்கள் தகுதிச் சுற்றையும் தம் ஊரில் கண்டதில்லை. உலகக் கோப்பையின் முதற்சுற்றிலோ அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட மூன்று ஆட்டங்களும் அமெரிக்க நகரங்களிலேயே அமைந்தன. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்ப் பார்க்கலாம் என்ற ஆறுதலும் அவர்களுக்குக் கிட்டவில்லை.

“அமெரிக்காவிலேயே ஹைத்தியர் இலட்சக்கணக்கில் வாழ்கிறார்கள், அவர்கள் அரங்கை நிரப்பிவிடுவார்கள்” என்று சிலர் சொல்லலாம். நிரப்பட்டும், மகிழ்ச்சியே. ஆனால், அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு இடம் கிடைத்தது என்பது, ஊரில் இருக்கும் அண்ணனுக்கு இடம் மறுத்ததற்கு விடையாகாது.

ஈரானியப் பெண்களின் நிலை இன்னும் கொடிது. அந்நாட்டில் ஆடவர் கால்பந்து ஆட்டங்களைப் பெண்கள் அரங்கில் சென்று காண்பது பல பத்தாண்டுகள் தடுக்கப்பட்டிருந்தது. 2019 அக்டோபரில்தான் தெஹ்ரானின் ஆசாதி அரங்கில் பெண்கள் தாமே டிக்கெட் வாங்கி அமர்ந்து உலகக் கோப்பைத் தகுதி ஆட்டமொன்றைக் கண்டனர். அதற்கு முன், 2018இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஈரான் ஆடியபோது, சொந்த நாட்டில் கிடைக்காத அந்த இருக்கை அயல்நாட்டில் அவர்களுக்குக் கிடைத்தது. சொந்த அரசு சாத்திய கதவுக்கு மாற்றாக இருந்த வெளிக்கதவையும் அமெரிக்க ஆணை சாத்தியது. ஈரானிய அரசின்மேல் கோபம் என்கிறார்கள். அந்த அரசால் துன்புற்ற பெண்ணையே அவ்வரசுக்காகத் தண்டிப்பது எந்த ஊர் நீதி?

பாதுகாப்பு என்னும் வாதம்

ஆணைகள் காரணம் கூறாமல் வரவில்லை. அவற்றை மறைத்து வாதிடுவது முறையன்று. ஈரான் பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் அரசு என்றும், பயணிகளைப் பற்றிய விவரங்களைத் தந்து ஒத்துழைப்பதில்லை என்றும் கூறப்பட்டது. ஹைத்தியைப் பற்றிக் கூறப்பட்டதோ வேறு வகை. சுற்றுலா, வணிக விசாவில் வந்த ஹைத்தியரில் 31 விழுக்காட்டினர் குறித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்டனர் என்பது அமெரிக்க அரசு காட்டிய கணக்கு.

அக்கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்வோம். நூற்றுக்கு முப்பத்தொருவர் தங்கினர் என்றால், ஏறத்தாழ அறுபத்தொன்பது பேர் சொன்ன நாளில் வீடு திரும்பினர் என்பதும் அதே கணக்குத்தான். வாக்கைக் காப்பாற்றிய பெரும்பான்மையோரை, காப்பாற்றாத சிறுபான்மையோருக்காகத் தண்டிப்பதை உலகின் எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஒரு தெருவில் மூவர் கடனைத் திருப்பவில்லை என்பதற்காகத் தெரு முழுவதற்கும் கடை அடைப்பதைப் போன்றது இது.

கால்பந்தின் வரலாற்றில் உண்மையாகவே அச்சம் விளைவித்த இரசிகர் கூட்டம் எது? 1985 மே 29 அன்று, பிரசல்ஸ் நகரின் ஹைசல் அரங்கில், லிவர்பூல், யுவென்டஸ் சங்கங்களின் இறுதி ஆட்டத்துக்கு முன், லிவர்பூல் இரசிகர்கள் பாய்ந்து தாக்கியதில் ஏற்பட்ட நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் மாண்டனர். மாண்டவரில் பெரும்பாலோர் இத்தாலியர். ஐந்தே ஆண்டுகளில், 1990இல், அதே இத்தாலியில் உலகக் கோப்பை நடந்தது. இத்தாலி என்ன செய்தது? இங்கிலாந்து இரசிகர்களுக்கு நாட்டின் கதவைச் சாத்தவில்லை. இங்கிலாந்தின் முதற்சுற்று ஆட்டங்கள் மூன்றும் சார்டீனியாத் தீவின் காலியாரி நகரில் அமையுமாறு செய்தது, காவலைப் பெருக்கியது, இரசிகரை வரவிட்டது. தன் குடிமக்கள் மாண்ட துயரம் ஆறாத நாடு அவ்வளவு பொறுமை காட்டியது. உலகக் கோப்பை அரங்குகளில் கலவரக்காரர் என்று பெயரெடுக்காத ஹைத்தியருக்கும் செனகலியருக்கும் அந்த அளவு பொறுமைகூடக் காட்டப்படவில்லை.

இங்கிலாந்தே பின்னர் ஒரு வழியைக் கண்டது. அரங்கில் வன்முறை செய்தவர் இன்னார் என்று நீதிமன்றம் முடிவு செய்து, அவர்மேல் தடையாணை பிறப்பிக்கும். அயல்நாட்டில் போட்டி நடக்கும் காலத்தில் அவர் தம் பாஸ்போர்ட்டைக் காவல்துறையிடம் ஒப்படைக்கவேண்டும். 2022 கத்தார் உலகக் கோப்பையின்போது இத்தகைய தடைக்கு உள்ளானோர் 1,300க்கும் மேற்பட்டோர். மற்ற ஆயிரக்கணக்கானோர் தடையின்றிப் பயணம் செய்தனர். பாதுகாப்பு என்றால் இதுதான். குற்றம் செய்தவரின் பெயரை எழுதுவது பாதுகாப்பு; நாட்டின் பெயரை எழுதிப் பட்டியல் போடுவது வெறும் ஒதுக்கல்.

வழி இல்லை என்பது பொய்

இலட்சக்கணக்கில் வரும் அயலாரை ஆராய்ந்து அனுமதிக்க வழியே இல்லை என்பாரும் உளர். அண்மைக்காலப் போட்டிகளே அவர்களுக்கு மறுமொழி.

2014இல் பிரேசில், இதற்கென 2012இலேயே இயற்றிய சட்டத்தின்படி, டிக்கெட் வைத்திருந்த அயல்நாட்டாருக்குக் கட்டணமின்றி விசா வழங்கியது. 2018இல் ரஷ்யா இரசிகர் அடையாள அட்டை என்ற முறையைக் கொண்டுவந்தது. டிக்கெட் வாங்கியவர் தம் விவரங்களைத் தந்து அட்டை பெறவேண்டும். அரசு ஆராய்ந்து அனுமதிக்கும். அட்டையும் டிக்கெட்டும் இருந்தால் விசா இல்லாமலே நாட்டுக்குள் வரலாம். 2022இல் கத்தார் “ஹய்யா” அட்டையைக் கொண்டுவந்து அதையே நுழைவு அனுமதியாக்கியது. இஸ்ரேலுடன் அரசுமுறை உறவு இல்லாத கத்தார், அப்போட்டிக்காக டெல் அவீவிலிருந்து தோஹாவுக்கு நேரடி விமானங்கள் வர இசைந்தது. இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் அவற்றில் வரலாம் என்பது உடன்பாடு. உறவே இல்லாத நாட்டின் இரசிகரை ஏற்க ஒரு சிறு நாட்டால் இயன்றது.

இம்முறைகள் குற்றமற்றவை என்று நாம் சொல்லவில்லை. கத்தாரின் அட்டைக்கு டிக்கெட்டோடு தங்குமிட உறுதியும் காட்டவேண்டியிருந்தது; செலவு ஏழை இரசிகரை வடிகட்டியது. போட்டிக்காலத்தில் பிற வருகை விசாக்கள் நிறுத்தப்பட்டன. ரஷ்யாவில் நைஜீரியர் சிலர் தரகர்களிடம் ஏமாந்து, திரும்ப வழியின்றித் தம் தூதரகத்தின் வாசலில் கிடந்தனர். பிரேசிலுக்குச் சென்ற கானா நாட்டவர் பலர் அங்கேயே புகலிடம் கோரினர். ஆளைப் பற்றிய விவரங்களைத் திரட்டும் அட்டை, போட்டி முடிந்த பின்னும் அரசின் கையில் ஆயுதமாகலாம் என்ற அச்சமும் நியாயமானதே. ரஷ்யா பின்னர் உள்நாட்டு ஆட்டங்களுக்கும் அந்த அட்டையைக் கட்டாயமாக்கியபோது, அந்நாட்டு இரசிகர்களே அரங்குகளைப் புறக்கணித்தனர். ஆனாலும் இக்குறைகள் எல்லாம் திறந்த கதவின் குறைகள். திருத்திக்கொள்ளலாம். சாத்திய கதவைத் திருத்த என்ன இருக்கிறது?

தடைப்பட்டியலில் இல்லாத ஏழை நாட்டு இரசிகருக்கும் வழி எளிதாக அமையவில்லை. அமெரிக்கக் குடிவரவுச் சட்டம், வருகை விசா கேட்பவர் அங்கேயே குடியேறிவிட எண்ணுகிறார் என்றே கருதிக்கொண்டு தொடங்குகிறது. அப்படியில்லை என்று மெய்ப்பிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. அதற்கான கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. 2025 ஆகஸ்ட்டில், முதலில் மலாவி, ஜாம்பியா ஆகிய நாட்டினருக்கும், பின்னர் வேறு பல நாட்டினருக்கும், 5,000 முதல் 15,000 டாலர் வரை பிணைத்தொகை கட்டவேண்டும் என்ற முறையும் தொடங்கப்பட்டது. திரும்பி வருவேன் என்பதற்கு ஒரு மலாவி உழவர் இத்துணைத் தொகையை எங்கே போய்ப் புரட்டுவார்?

2025 நவம்பரில் ஃபிஃபாவும் அமெரிக்க அரசும் சேர்ந்து, டிக்கெட் வாங்கியவருக்கு விசா நேர்காணலுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு ஒன்றை அறிவித்தன. நல்லதே. ஆனால், டிக்கெட் விசா ஆகாது என்பதையும் அப்போதே அமெரிக்க அரசு நினைவூட்டியது. வரிசையில் முன்னால் நிற்கவைப்பது ஒரு சலுகை. கதவைத் திறப்பது வேறு. தடைப்பட்டியலில் இருப்பவருக்கோ அந்த வரிசையே இல்லை.

“விசா” என்ற சொல் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. அந்தத் தாளுக்காகக் காத்திருந்த இரவுகளைச் சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடு இருக்கும். பிழைப்புக்குப் போகிறவரின் துயரத்தோடு ஆட்டம் பார்க்கப் போகிறவரின் துயரத்தை ஒப்பிடலாமா என்று கேட்கத் தோன்றும். துயரத்தின் அளவு வேறுதான். ஆனால், நாம் செய்ததைக் கேளாமல், நாம் பிறந்த இடத்தைக் கேட்டு முடிவு செய்யும் அவமதிப்பு இரண்டிலும் ஒன்றே.

இரண்டு தராசுகள்

ஃபிஃபாவால் இதில் எதுவும் செய்ய இயலாது, அரசுகளின் முன் அது கைகட்டி நிற்கும் விளையாட்டு அமைப்புத்தானே என்று இரங்குவோர், இந்தோனேசியாவை நினைத்துப் பார்க்கவேண்டும்.

2023ஆம் ஆண்டு இருபது வயதுக்கு உட்பட்டோரின் உலகக் கோப்பை இந்தோனேசியாவில் நடக்கவிருந்தது. இஸ்ரேல் அணி அதற்குத் தகுதி பெற்றிருந்தது. அவ்வணியை ஏற்பதற்குப் பாலித் தீவின் ஆளுநர் எதிர்ப்புத் தெரிவித்தார். 2023 மார்ச் 29 அன்று, போட்டி தொடங்க ஏறத்தாழ இரண்டே மாதம் இருக்கும் நிலையில், ஃபிஃபா அப்போட்டியை இந்தோனேசியாவிடமிருந்து பறித்தது. பின்னர் அர்ஜென்டினாவுக்குக் கொடுத்தது. தம் நாட்டில் ஆடும் நாளுக்காகக் காத்திருந்த இந்தோனேசிய இளைஞர் அணியும் அதனால் இடத்தை இழந்தது.

அது அணியைப் பற்றிய சிக்கல், இது இரசிகரைப் பற்றியது என்ற வேறுபாட்டை நாம் மறக்கவில்லை. தகுதி பெற்ற எவரையும் நடத்தும் நாடு ஏற்கவேண்டும் என்ற விதியையும் நாம் எதிர்க்கவில்லை. அந்த விதி நல்ல விதி. நாம் கேட்பதும் அதைத்தான். ஆனால், விதி ஒன்றாக இருக்கும்போது தராசு ஏன் இரண்டாகிறது? ஜகார்த்தாவுக்கு வந்த துணிவு வாஷிங்டனுக்கு ஏன் வரவில்லை? தேசிய அடிப்படையில் எந்த நாட்டையும் எந்த மனிதரையும் வேறுபடுத்தக்கூடாது என்று ஃபிஃபாவின் சொந்தச் சட்டதிட்டங்களின் 4ஆம் பிரிவு கூறுகிறது. மீறினால் நீக்கம் வரை தண்டனை உண்டு என்றும் கூறுகிறது. எளியவரிடம் விதியைக் காட்டி, வலியவரிடம் விதியை மடித்துவைப்பவர் நடுவராக இருக்கத் தகுதியற்றவர். ஆடுகளத்தில் ஒரு நடுவர் அப்படி நடந்தால், அவரை வெளியேற்றும் முதல் ஆள் ஃபிஃபாவாகத்தான் இருக்கும்.

இனிச் செய்யவேண்டியது

இந்தச் சிக்கல் 2026 போட்டியோடு முடிந்துவிடப் போவதில்லை. 2030ஆம் ஆண்டின் உலகக் கோப்பை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ ஆகிய நாடுகளுக்கு வழங்கப்பட்டுள்ளது. நூற்றாண்டு நினைவாக உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே ஆகியவற்றிலும் ஒவ்வோர் ஆட்டம் ஒதுக்கப்பட்டுள்ளது. மூன்று கண்டங்கள், ஆறு நாடுகள். 2034ஆம் ஆண்டின் போட்டி சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டுள்ளது. ஒரு போட்டியைப் பல நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும்போது, வருமானம் பங்காகிறது. இரசிகரின் தொல்லையோ பெருகுகிறது. 2026இல் மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஒரு விசா உருவாக்கப்படவில்லை. ஒரே அணியைப் பின்தொடரும் ஒருவர் எல்லை தாண்டும்தோறும் வேறு அரசின் வாசலில் நிற்கவேண்டும். 2030இல் இந்நிலை இன்னும் மோசமாகாமல் இருக்கவேண்டுமானால், இப்போதே பேசவேண்டும்.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது: போட்டியைக் கேட்கும் அரசு, தகுதி பெறும் எல்லா நாடுகளின் இரசிகரையும் ஆள் ஆளாக ஆராய்ந்து அனுமதிக்கும் என்பதைக் கடிதமாக அல்லாமல், பிரேசில் செய்ததுபோல், சட்டமாக எழுதித் தரவேண்டும். கடிதம் எழுதுகிறவரின் மனம் மாறலாம். சட்டத்தை மாற்றுவதற்கு நாடாளுமன்றம் கூடவேண்டும்.

இரண்டாவது: பல நாடுகள் சேர்ந்து நடத்தும் போட்டிக்கு ஒரே அட்டை, ஒரே விண்ணப்பம், ஒரே முடிவு என்ற முறை வேண்டும். அட்டைக்காகப் பெற்ற விவரங்கள் போட்டி முடிந்ததும் அழிக்கப்படவேண்டும்.

மூன்றாவது: ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால், காரணத்தை அவருக்குச் சொல்லவேண்டும், டிக்கெட்டின் முழுத் தொகையையும் விற்றவர் திருப்பித் தரவேண்டும். உள்ளே வர இயலாதவரிடம் விற்ற இருக்கையின் காசை வைத்துக்கொள்வது வாணிபமாகாது.

நான்காவது: வழங்கிய பின் ஓர் அரசு வாக்கு மாறினால், தடுக்கப்பட்ட நாட்டின் ஆட்டங்களையாவது, அந்நாட்டு மக்கள் போகக்கூடிய வேறு நாட்டுக்கு ஃபிஃபா மாற்றவேண்டும். 2026இல் கனடாவும் மெக்சிகோவும் பக்கத்திலேயே இருந்தன. போட்டி முழுவதையும் இந்தோனேசியாவிலிருந்து தூக்கிக்கொண்டு கடல்கடந்து போக முடிந்தவர்களுக்கு, மூன்று ஆட்டங்களை எல்லைக்கு அப்பால் நகர்த்துவது பெரிய காரியமன்று. இத்தண்டனை, அணியைத் தண்டிக்காமல், வாக்குத் தவறிய அரசை மட்டும் தண்டிக்கும்.

இவற்றில் எதுவும் கைக்கெட்டாத கனவன்று. ஒவ்வொன்றும் எங்கோ ஒருமுறை செய்து காட்டப்பட்டது, அல்லது செய்வதற்குரிய அதிகாரம் ஏற்கெனவே ஃபிஃபாவின் கையில் இருப்பது. குறைவது அதிகாரமன்று, மனம்.

ஆட்டம் என்பது இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைத் துரத்துவது மட்டுமென்றால், அதைப் பூட்டிய அரங்கிலும் ஆடிவிடலாம். பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், வெற்று இருக்கைகளுக்கு நடுவே ஆடியதை உலகம் கண்டது. அந்த மௌனத்தை எவரும் விரும்பவில்லை. ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பவர் இருக்கையில் அமர்ந்திருப்பவர். அவர் எந்த நாட்டின் பாஸ்போர்ட்டோடு வந்தாலும், அவர் கையில் இருக்கும் டிக்கெட் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் கதவையும் திறக்கட்டும். திறக்க மனமில்லையேல், விற்காமல் இருக்கட்டும். இரண்டும் செய்யாதவர்களின் கையில் இனி ஓர் உலகக் கோப்பையும் ஒப்படைக்கப்படக்கூடாது.